எல்சிடி திரையும் எஸ். சந்திரசேகரும் (நோபல் வாங்கிய சந்திரசேகர் இல்லை!)

ஆரணியில் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்வார்கள். புடவையைக் கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மட்டும் பார்க்க மாட்டார்கள். வாசலுக்கு எடுத்து வந்து, இப்படியும் அப்படியும் திருப்பி, மடித்து, சாய்த்துப் பார்ப்பார்கள். மயில் கழுத்து நிறம் என்றால் சொல்லவே வேண்டாம். நேராகப் பிடித்தால் நீலம், கொஞ்சம் சாய்த்தால் பச்சை. பாவு ஒரு நிறத்திலும் ஊடை வேறு நிறத்திலும் ஓடுவதால் வரும் வித்தை அது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது மயில் கழுத்தே இல்லை.

இப்போது அதே புடவையின் படத்தைப் பழைய எல்சிடி மானிட்டர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். நேராக உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். எழுந்து நின்றால் வெளுத்துப் போகும். கீழே குனிந்து பார்த்தால் ஃபிலிம் நெகட்டிவ் போல ஆகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கறுப்பு சாம்பலாகத் தெரியும். புடவையில் எது அழகோ அதுவே திரையில் குறை. புடவைக்குக் கோணம் மாறினால் நிறம் மாற வேண்டும், திரைக்கு மாறவே கூடாது.

இந்தக் குறையைச் சரிசெய்ய உலகம் கண்டுபிடித்த வழிகளில் முக்கியமான ஒன்றின் வேர் பெங்களூரில் இருக்கிறது. அந்த வேரை நட்டவர் பெயர் எஸ். சந்திரசேகர். பெயரைச் சொன்னதும் எல்லோரும் "நோபல் பரிசு வாங்கினாரே, நட்சத்திரங்களைப் பற்றி..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர் வேறு, இவர் வேறு. இவரைப் பற்றியும், இவர் கண்டுபிடித்தது திரைக்குள் எப்படிப் போனது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு முறை உருகிய பொருள்

கதை 1888-ல் பிராக் நகரத்தில் தொடங்குகிறது. ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கேரட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொலஸ்டெரில் பென்சோயேட் என்ற சேர்மத்தைச் சூடாக்கியபோது அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகியது. ஆனால் உருகிய திரவம் தெளிவாக இல்லை, பால் போல் கலங்கலாக இருந்தது. விடாமல் சூடாக்கினார். 178.5 டிகிரியில் கலங்கல் சட்டென்று மறைந்து தெளிவான திரவம் ஆனது.

பனிக்கட்டி ஒரு முறைதான் உருகும், நெய் ஒரு முறைதான் உருகும். இந்தப் பொருளுக்கு மட்டும் இரண்டு உருகுநிலை! ரைனிட்சர் மாதிரிகளை ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு அனுப்பி வைத்தார். லேமனிடம் சூடாக்கும் மேடை வைத்த ஒரு நுண்ணோக்கி இருந்தது. அதில் தளவிளைவு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தபோது, அந்தக் கலங்கல் பொருள் திரவம் மாதிரி ஓடியது, ஆனால் படிகம் மாதிரி ஒளியைக் கையாண்டது. லேமன் அதற்குத் 'திரவப் படிகம்' என்ற பெயரை வைத்தார். எல்சிடியில் உள்ள 'எல்சி' அதுதான்.

படிகத்தில் மூலக்கூறுகள் இடமும் மாறாது, திசையும் மாறாது. திரவத்தில் இரண்டுக்குமே ஒழுங்கு கிடையாது. திரவப் படிகத்தில் மூலக்கூறுகள் இஷ்டப்படி நகரும், ஆனால் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்துக்கொண்டே நகரும். திருவிழாக் கூட்டம் தேரைப் பார்த்தபடியே நகர்வது போல.

1922-ல் ஜார்ஜ் ஃப்ரீடல் என்ற பிரெஞ்சுக்காரர் திரவப் படிகங்களை வகை பிரித்துப் பெயர் வைத்தார். எல்சிடி திரைகளில் இருப்பது 'நெமாட்டிக்' என்ற வகை. அது 'நூல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நுண்ணோக்கியில் பார்த்தால் நூல் நூலாக ஏதோ மிதப்பது போலத் தெரியும் என்பதால். நூலை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இந்தப் பெயர் பிடித்துப்போக வேண்டும்.

எண்பது வருடம் சும்மா கிடந்தது

இதில் வேடிக்கை என்னவென்றால், திரவப் படிகம் கண்டுபிடிக்கப்பட்டு எண்பது வருடம் வரைக்கும் அதை வைத்து எவரும் பெரிதாக வியாபாரம் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்து அதிசயப் பொருளாகவே கிடந்தது.

1968-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு, திரவப் படிகத்தில் மின்சாரம் கொடுத்து எழுத்தும் எண்ணும் காட்ட முடியும் என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிக் காட்டியது. சுவரில் படம் போல மாட்டும் டிவி வரப்போகிறது என்று அப்போதே பேச்சு எழுந்தது. ஆனால் அந்த முறைக்கு மின்சாரம் அதிகம் தேவைப்பட்டது, படமும் தெளிவாக இல்லை.

1970 டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தில் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தின் மார்ட்டின் ஷாட், வோல்ஃப்காங் ஹெல்ஃப்ரிக் இருவரும் 'முறுக்கிய நெமாட்டிக்' முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே யோசனைக்கு வந்திருந்தார். அடுத்து, இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கிரே, அறை வெப்பநிலையில் கெட்டுப்போகாமல் இருக்கும் சயனோபைஃபினைல் என்ற திரவப் படிகங்களைத் தயாரித்தார். 1973-ல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் எல்சிடி வைத்த பாக்கெட் கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்குப் பிறகு கைக்கடிகாரம், கால்குலேட்டர், லேப்டாப், மானிட்டர், டிவி என்று வரிசையாக வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

சரி, திரை எப்படி வேலை செய்கிறது?

எல்சிடி திரையைத் தறியை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம்.

முதலில் ஒளி. சாதாரண ஒளியின் அலைகள் எல்லாத் திசையிலும் அதிரும். போலரைசர் என்ற ஃபிலிமில் அதைச் செலுத்தினால் ஒரு திசையில் அதிரும் ஒளி மட்டும் வெளியே வரும். இதுதான் தளவிளைவு ஒளி. ஒரு போலரைசருக்கு மேல் இன்னொன்றைக் குறுக்காக, பாவுக்கு ஊடை போல 90 டிகிரியில் வைத்தால், முதலாவது விட்ட ஒளியை இரண்டாவது தடுத்துவிடும். முழு இருட்டு.

எல்சிடி என்பது இந்த இரண்டு குறுக்குப் போலரைசர்களுக்கு நடுவே திரவப் படிகத்தை வைத்த சமாச்சாரம். இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஏறக்குறைய 5 மைக்ரான் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதில்தான் நெமாட்டிக் திரவம் நிரப்பப்பட்டிருக்கும்.

கண்ணாடியின் உள்பக்கத்தில் பாலிஇமைடு என்ற மெல்லிய பூச்சு உண்டு. அந்தப் பூச்சை வெல்வெட் போன்ற துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். துணி தேய்த்த திசையில் மூலக்கூறுகள் படுத்துக்கொள்ளும். பல கோடி ரூபாய் தொழிற்சாலைகளில்கூட மூலக்கூறுக்குத் திசை சொல்லிக் கொடுத்தது வெகுகாலம் துணிதான்! பின்னாளில்தான் பல ஆலைகள் ஒளியைப் பாய்ச்சியே திசை கொடுக்கும் முறைக்கு மாறின.

மேல் கண்ணாடியை ஒரு திசையிலும், கீழ்க் கண்ணாடியை அதற்குக் குறுக்குத் திசையிலும் தேய்த்தால் என்ன ஆகும்? கீழே இருக்கும் மூலக்கூறு கிழக்கு மேற்காகவும், மேலே இருப்பது வடக்கு தெற்காகவும் படுக்கும். நடுவில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மொத்தத்தில் 90 டிகிரி முறுக்கு உண்டாகும். முதல் போலரைசரைத் தாண்டி வரும் ஒளி இந்த முறுக்கோடு சேர்ந்து தானும் 90 டிகிரி திரும்பும். அதனால் இரண்டாவது போலரைசர் அதைத் தடுக்காது. திரை வெளிச்சமாகத் தெரியும்.

இப்போது சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், படுத்திருந்த மூலக்கூறுகள் எழுந்து கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும். முறுக்கு போய்விடும். ஒளி திரும்பாது, இரண்டாவது போலரைசர் தடுத்துவிடும். திரை கறுப்பு. மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் நடுவில் உள்ள எல்லா நிலைகளும் கிடைக்கும். ஆக, திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் விளக்கின் ஒளியைத் திறந்து மூடும் கதவு மட்டும்தான் அது.

அடுத்தது படம். ஜக்கார்டு பெட்டி வைத்த தறியில் ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு இழை தூக்கப்படும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்கப்படாது. நாடா ஒரு முறை ஓடியதும் அடுத்த அட்டை. இப்படி வரி வரியாகத்தான் முந்தியில் மயிலும் மாங்காயும் உருவாகின்றன.

திரையிலும் இதே கணக்குத்தான். முழு எச்டி திரையில் 1080 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 1920 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளிகள். மொத்தம் 62,20,800 கதவுகள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியில் எந்தக் கதவு எவ்வளவு திறக்க வேண்டும் என்று மின்னழுத்தம் அனுப்பி, அடுத்த வரிக்குப் போக வேண்டும். இப்படி மேலிருந்து கீழ்வரை நொடிக்கு 60 முறை. தறியில் நெய்த இழை அப்படியே தங்கிவிடும். திரையில் தங்காது என்பதால், அடுத்த முறை வரும்வரை மின்னூட்டத்தைப் பிடித்து வைக்க ஒவ்வொரு துணைப் புள்ளிக்கும் ஒரு குட்டி டிரான்சிஸ்டர் உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகள் என்றால் மூன்றும் சேர்ந்து 1,67,77,216 நிறங்கள். இவ்வளவும் இருந்தும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது.

பக்கவாட்டுச் சிக்கல்

ஒரு டப்பாவில் பென்சில்களை நெருக்கமாக நிற்க வைத்து மேலிருந்து பார்த்தால் வட்ட முனைகள் மட்டும் தெரியும். சாய்ந்து பார்த்தால் பென்சிலின் நீளம் தெரிய ஆரம்பிக்கும். கறுப்பு நிலையில் எழுந்து நிற்கும் மூலக்கூறுகளும் அப்படித்தான். அவை நீளமான கம்பி வடிவம். நேராக வரும் ஒளிக்கு அவற்றின் முனைதான் எதிர்ப்படும், எந்த மாற்றமும் நடக்காது. சாய்வாகப் போகும் ஒளிக்கு அவற்றின் நீளம் எதிர்ப்படும். கம்பியின் நீளவாக்கில் அதிரும் ஒளி ஒரு வேகத்திலும், குறுக்குவாக்கில் அதிரும் ஒளி வேறொரு வேகத்திலும் செல்லும். இதற்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். இரண்டும் முன்பின்னாக வந்து சேர்வதால் தளவிளைவு கலைந்து, தடுக்கப்பட வேண்டிய ஒளி கசிந்துவிடும்.

போதாக்குறைக்கு, கண்ணாடியை ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் முழுதாக எழுந்து நிற்காது. பாதி படுத்து, பாதி சாய்ந்து கிடக்கும். அதனால்தான் மேலிருந்து பார்த்தால் ஒன்றும், கீழிருந்து பார்த்தால் வேறொன்றுமாகத் தெரிந்தது.

கம்பி வடிவம் உண்டாக்கும் இந்தப் பிழையைக் கழிக்க, அதற்கு நேர் எதிரான ஒளியியல் குணம் உள்ள ஒன்று வேண்டும். பேரேட்டில் பற்று இருந்தால் சமன் செய்ய வரவு வேண்டும் அல்லவா? கம்பிக்கு எதிர் வடிவம் எது? தட்டு.

ஆனால் தட்டு வடிவ மூலக்கூறில் திரவப் படிகமே கிடையாது என்றுதான் 1977 வரை பலரும் நினைத்தார்கள்.

திருச்சிக் குடும்பம்

ரைனிட்சர் இரண்டு உருகுநிலையைப் பார்த்த அதே 1888-ல், நவம்பர் 7 அன்று, திருச்சி திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தார். ராமனின் சகோதரி சீதாலட்சுமியின் மகன்தான் நம் கதாநாயகர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். பிறந்தது 1930 ஆகஸ்ட் 6, கல்கத்தாவில். மாமா நோபல் பரிசு வாங்கியதும் அதே ஆண்டில்தான்.

நட்சத்திர ஆராய்ச்சிக்காக 1983-ல் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். ஒரே குடும்பத்தில் இரண்டு சந்திரசேகர்கள், இருவருமே இயற்பியலாளர்கள். அவர் நோபல் வாங்கிய அதே 1983-ல் இவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இவருடைய உடன்பிறந்தவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. அண்ணன் எஸ். ராமசேஷன் படிகவியல் அறிஞர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். தம்பி எஸ். பஞ்சரத்தினம் தளவிளைவு ஒளியை ஆராய்ந்தவர். 1956-ல் இருபத்திரண்டு வயதில் அவர் கண்ட ஒரு விளைவு, பல வருடம் கவனிக்கப்படாமல் கிடந்து, 1980களில் உலகத்தின் பார்வைக்கு வந்து, இன்று 'பஞ்சரத்தினம் கட்டம்' என்று இயற்பியல் நூல்களில் இருக்கிறது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1969-ல் ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதில் இறந்துபோனார்.

சந்திரசேகர் நாக்பூரில் முதுகலை படித்துவிட்டு, 1950களின் தொடக்கத்தில் பெங்களூரில் மாமாவின் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். படிகங்கள் தளவிளைவு ஒளியைச் சுழற்றுவதைப் பற்றித்தான் அங்கே ஆராய்ச்சி. பிறகு கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகம், லண்டனில் சில வருடங்கள். 1961-ல் திரும்பி வந்து மைசூர் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் முதல் தலைவர் ஆனார். திரவப் படிகங்கள் பக்கம் அவர் திரும்பியது அங்கேதான். உலகத்தில் பெரும்பாலான இயற்பியலாளர்கள் அந்தத் துறையைத் திரும்பிக்கூடப் பார்க்காத காலம் அது.

1970-ல் ராமன் காலமானார். அடுத்த ஆண்டு சந்திரசேகர் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். 1973 டிசம்பரில் பெங்களூரில் சர்வதேசத் திரவப் படிக மாநாடு ஒன்றையும் நடத்திக் காட்டினார். ஷார்ப் நிறுவனம் எல்சிடி கால்குலேட்டர் விற்ற அதே வருடம்.

1977: தட்டுகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் வேதியியலாளர் டேனியல் ஃபோர்லாண்டர் ஒரு விதி சொல்லி வைத்திருந்தார். மூலக்கூறு எவ்வளவு நீளமாகவும் நேராகவும் இருக்கிறதோ, அது திரவப் படிகமாகும் வாய்ப்பு அவ்வளவு அதிகம் என்பது அதன் சாரம். நூற்றுக்கணக்கான பொருட்களில் சரியாகவும் இருந்தது. அதனால் எல்லோரும் கம்பிகளையே தேடினார்கள்.

சந்திரசேகர், வேதியியலாளர் பி.கே. சதாசிவா, கே.ஏ. சுரேஷ் மூவரும் வேறு வழியில் யோசித்தார்கள். நடுவில் ஒரு பென்சீன் வளையம், அதைச் சுற்றி ஆறு பக்கமும் ஆறு கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சூரியகாந்திப் பூ மாதிரி தட்டையான மூலக்கூறு. அதைத் தயாரித்துச் சூடாக்கினால் திடத்துக்கும் தெளிந்த திரவத்துக்கும் நடுவே ஒரு புதிய நிலை வந்தது. எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தபோது அமைப்பு புரிந்தது. நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல மூலக்கூறுகள் தூண் தூணாக நின்றன. தூண்கள் தேன்கூடு போல அறுகோண ஒழுங்கில் இருந்தன. ஆனால் தூணுக்குள் தட்டுகளின் இடைவெளி ஒழுங்கில்லாமல், திரவத்தைப் போல இருந்தது.

தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன ஒரு தூய சேர்மத்தில் திரவப் படிகம் கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. 1977-ல் இந்திய அறிவியல் அகாடமி வெளியிடும் 'பிரமாணா' ஆய்விதழில் சிறிய கட்டுரையாக அது வெளிவந்தது. லண்டன், நியூயார்க் இதழ்களைத் தேடிப் போகாமல் பெங்களூரு இதழிலேயே வெளியிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறிய கட்டுரையிலிருந்து ஒரு புதிய துறையே பிறந்தது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் புதுப்புதுத் தட்டு மூலக்கூறுகளைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதே 1977-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் சந்திரசேகரின் 'திரவப் படிகங்கள்' என்ற ஆங்கில நூலையும் வெளியிட்டது. உலகம் முழுக்க மாணவர்கள் இந்தத் துறையைக் கற்றுக்கொள்ளும் நூல்களில் ஒன்றாக அது ஆனது.

தட்டு திரைக்குள் போன கதை

1990களில் லேப்டாப்பும் மானிட்டரும் பெருகியபோது பக்கவாட்டுச் சிக்கல் பெரிய தலைவலி ஆனது. அப்போது ஜப்பானின் ஃபியூஜி ஃபிலிம் நிறுவனம் தட்டு மூலக்கூறைக் கையில் எடுத்தது. டிரைஃபினைலீன் என்ற தட்டு வடிவப் பொருளை ஒரு ஃபிலிமின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, மூலக்கூறுகளை ஒழுங்காகச் சாய்த்து, அந்த நிலையிலேயே புறஊதா ஒளியால் இறுகச் செய்தார்கள். படலத்தின் அடியிலிருந்து மேலே போகப் போகத் தட்டுகளின் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறும். கண்ணாடியை ஒட்டிப் பாதி எழுந்தும் எழாமலும் கிடக்கும் கம்பிகளின் சாய்வுக்குப் பொருந்தும்படி இந்தச் சாய்வை அமைத்தார்கள்.

திரையின் முன்னும் பின்னுமாக இரண்டு ஃபிலிம்கள். கம்பி எவ்வளவு பிழை சேர்க்கிறதோ அவ்வளவையும் தட்டு கழித்துவிடும். பற்றும் வரவும் நேராகிவிடும். சாய்ந்து பார்த்தாலும் கறுப்பு கறுப்பாகவே தெரியும் கோணம் வெகுவாக விரிந்தது. 'அகலப் பார்வை ஃபிலிம்' என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து கோடிக்கணக்கான மானிட்டர்களுக்குள் அது போயிற்று. மேலிருந்து பார்த்தால் வெளுக்கும் குறை அதில் முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் ஃபிலிம் இல்லாத திரையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

பின்னாளில் மூலக்கூறுகளைப் படுத்தவாக்கிலேயே திருப்பும் ஐபிஎஸ் போன்ற முறைகள் பக்கவாட்டுச் சிக்கலை வேறு வழியில் தீர்த்துவிட்டன. இன்று பல நல்ல டிவி, மானிட்டர்களில் அவை இருக்கின்றன. விலை கூடிய செல்போன்களில் திரவப் படிகமே இல்லாத ஓஎல்இடி வந்துவிட்டது. ஆனாலும் எல்சிடி மேசை மேசையாகப் பரவிய காலத்தில் அந்தப் பரவலுக்குத் தோள் கொடுத்தவற்றில் இந்தத் தட்டும் ஒன்று.

லாபம் யாருக்கு?

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் ஒரு கேள்வி வரும். கண்டுபிடித்தது பெங்களூரு, விற்றது ஜப்பான். இந்தியா ஏமாந்துவிட்டதா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எல்சிடியின் வரலாற்றில் கண்டுபிடித்த ஊரும் காசு பார்த்த ஊரும் ஒன்றாக இருந்தது அபூர்வம். ஆர்சிஏ அமெரிக்க நிறுவனம், அதனிடம் பணமும் ஆளும் இருந்தது, இருந்தும் திரை வியாபாரத்தைக் கோட்டை விட்டது. ஒவ்வொரு புள்ளிக்கும் டிரான்சிஸ்டர் வைக்கும் முறையை 1970களில் செய்து காட்டிய பீட்டர் பிராடியின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் அதைக் கைவிட்டது. நல்ல திரவப் படிகத்தைத் தந்த இங்கிலாந்தில் பெரிய திரைத் தொழிற்சாலைகள் வளரவில்லை. தொழிற்சாலைகள் முதலில் ஜப்பானுக்கும், பிறகு கொரியா, தைவானுக்கும், அதற்குப் பிறகு சீனாவுக்கும் போயின. கால்குலேட்டர், கடிகாரம் என்று சின்னப் பொருளில் தொடங்கி, அதில் வந்த காசை அடுத்த ஆலையில் போட்டு, இருபது முப்பது வருடம் பொறுமையாக நின்றவர்களுக்குத்தான் அந்தத் தொழில் கிடைத்தது.

சந்திரசேகர் இதை உணராதவர் இல்லை. ஓய்வு பெறும் வயதில் வீட்டில் உட்காராமல் 1991-ல் பெங்களூரு ஜாலஹள்ளியில், பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் கொடுத்த இடத்தில், திரவப் படிக ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். ஆராய்ச்சியும் தொழிலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அந்த இடத்தைப் பார்த்தாலே புரியும். அந்த மையம் இன்று நானோ மற்றும் மென்பருப்பொருள் அறிவியல் மையம் என்ற பெயரில் மத்திய அரசின் கீழ் இயங்குகிறது. 1994-ல் ராயல் சொசைட்டியின் ராயல் மெடல், 1998-ல் பத்மபூஷண். 2004 மார்ச் 8 அன்று காலமானார். ஒரு துறையையே தொடங்கி வைத்தவரின் பெயர், அந்தத் திரையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் விற்கும் டிவிகளின் திரைப் பேனல்கள் இன்றும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன.

ஆரணிக்காரர்களுக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் இருக்காது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தாலும் இங்கே குழித்தறியில் உட்கார்ந்து நெய்யும் புடவை வெளியூர்க் கடையில் வேறு ஊர்ப் பெயரில் விற்பனையாவது ஊரில் பழகிப்போன பேச்சு. கட்டிக்கொள்ளும் மணப்பெண்ணுக்கு அது எந்தத் தறியில் நெய்தது என்று தெரியாது. தறிக்காரருக்குக் கூலி, பெயர் வேறு ஒருவருக்கு.

ஒரே ஒரு வித்தியாசம். தறிக்காரரின் பெயர் எந்தப் புடவையிலும் இல்லை. சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரின் பெயரும் 1977-ம் வருட 'பிரமாணா'வில் அச்சில் இருக்கிறது. தட்டு வடிவத் திரவப் படிகத்தைப் பற்றி எந்த நாட்டில் யார் எழுதினாலும் அந்தக் கட்டுரையைச் சொல்லாமல் ஆரம்பிப்பது கஷ்டம். பெயரை எழுதி வைப்பதால் கூலி கூடாமல் போகலாம், ஆனால் இன்னார் செய்தது என்பதை யாரும் மறைக்க முடியாது. ஆரணிப் புடவைக்கும் அப்படி ஒரு வழி வேண்டும். புவிசார் குறியீடு சட்டத்தில் இருந்தால் போதாது, முந்தியின் ஓரத்தில் தெரிய வேண்டும், வாங்குகிறவர் கேட்க வேண்டும்.

அடுத்த முறை பழைய மானிட்டர் ஒன்றைச் சாய்ந்து பார்க்க நேர்ந்து, கறுப்பு ஓரளவு கறுப்பாகவே தெரிந்தால், உள்ளே ஒரு தட்டு சத்தமில்லாமல் கணக்கை நேர் செய்துகொண்டிருக்கலாம். அடுத்த முறை பட்டுப் புடவை எடுக்கும்போது, வாசலுக்கு எடுத்து வந்து நிறத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இது எந்த ஊர்த் தறி என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.